சம்பளமில்லாப் பயிற்சி: யார் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டுப்படியாகும்?

காலா கோடா என்றால் கறுப்புக் குதிரை. தென் மும்பையில் அந்தப் பெயர் கொண்ட வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னர் குதிரை மேல் அமர்ந்திருக்கும் சிலை இருந்தது. 1965-ல் அதைப் பெயர்த்து பைகுல்லா ராணி பாக் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். 2017-ல் அதே வட்டாரத்தில் வேறொரு கறுப்புக் குதிரையை நிறுத்தினார்கள். இந்தக் குதிரையின் மேல் ராஜா யாரும் இல்லை.

இந்தக் குதிரையைச் சுற்றித்தான் நகரத்தின் பெயர் பெற்ற ஓவியக் கூடங்கள் இருக்கின்றன. ஜஹாங்கீர் ஓவியக் கூடம் 1952-ல் திறக்கப்பட்டது. எதிரே பழைய காவஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபத்தில் 1996 முதல் தேசிய நவீன கலைக்கூடத்தின் மும்பைக் கிளை நடக்கிறது. 1999 முதல் காலா கோடா கலை விழாவும் நடந்து வருகிறது. வி.டி. ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். ஜஹாங்கீர் கூடத்தில் உள்ளே போய்ப் பார்க்கக் காசு கிடையாது.

ஆனாலும் சயானிலும் தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் முப்பது வருடம் குடியிருந்து, நாள் தவறாமல் வி.டி.க்கு வேலைக்குப் போய் வரும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்தப் படிகளில் ஏறியிருப்பார்கள்? அது நமக்கான இடம் அல்ல என்று யாரும் எழுதி மாட்டவில்லை. ஆனால் அப்படித்தான் பலரும் நினைத்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள்.

அந்தப் படியில் ஏறிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏறியது பெரிய விஷயம். அவள் ஏன் இறங்க நேர்ந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

தாராவியிலிருந்து ஒரு பெண்

தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருக்கும் குடும்பம். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. தகப்பனார் ஒரு லாரிக் கம்பெனியில் பில் போடும் குமாஸ்தா. தாயார் விடியற்காலையில் இட்லி அவித்து வியாபாரிகளுக்குக் கொடுக்கிறார். மூத்தவள் பி.ஏ. முடித்தவள். சிறு வயது முதல் கையில் கிடைத்த தாளில் எல்லாம் படம் வரைகிறவள். இளையவன் பன்னிரண்டாம் வகுப்பு.

கல்லூரிப் பேராசிரியை ஒருவர் சொல்லி, இலாப நோக்கமற்ற ஓவியக் கூடம் ஒன்றுக்கு அவள் விண்ணப்பம் போட்டாள். ஒரு அறக்கட்டளை நடத்தும் கூடம் அது. படங்களை விற்பது அவர்கள் தொழில் அல்ல. இன்றைய கலைஞர்களின் வேலைகளைக் காட்சிக்கு வைப்பது, பள்ளிப் பிள்ளைகளை அழைத்து விளக்குவது, பேச்சுக் கூட்டம் நடத்துவது ஆகியவையே அவர்கள் காரியம். 'இன்டர்ன்' என்ற பெயரில் ஆறு மாதப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வீட்டில் சந்தோஷமாகச் சொன்னாள். தகப்பனார் கேட்ட முதல் கேள்வி, எந்தத் தகப்பனாரும் கேட்கும் கேள்விதான்.

"மாசம் எவ்வளவும்மா குடுப்பாவ?"

"சம்பளம் கிடையாதுப்பா. இது பயிற்சி. முடிஞ்சதும் சர்டிபிகேட் குடுப்பாங்க."

"அப்போ நம்ம கைக்காசைப் போட்டு வேலைக்குப் போகணும்ங்கியா?"

தாயார்தான் குறுக்கே வந்தார். "ஆறு மாசந்தானே, போயிட்டு வரட்டும். நான் இன்னும் ரெண்டு படி மாவு கூட ஆட்டுதேன்."

ரெண்டு படி மாவின் பலத்தில் அவள் பயிற்சி ஆரம்பமாயிற்று. இதைக் கூடத்தை நடத்துகிறவர்கள் அறிய மாட்டார்கள். அவர்கள் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

படம் மாட்டுவதும் ஒரு படிப்பு

ஓவியக் கூடத்தில் என்ன வேலை இருக்கப் போகிறது, சுவரில் ஆணி அடித்துப் படம் மாட்டுவதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அது அறியாமை.

ஒரு படம் வந்து இறங்கியதும் முதல் காரியம், அதன் நிலைமையை எழுதுவது. எந்த மூலையில் கீறல், எங்கே வண்ணம் உதிர்ந்திருக்கிறது, சட்டம் விரிந்திருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்து, புகைப்படம் எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். பார்சல் ஆபீசில் நசுங்கிய பெட்டி வந்தால் அதை எடுக்கும்போதே எழுதி வைக்கிறார்கள் அல்லவா, அதே காரியம்தான். எழுதாமல் விட்டால் சேதம் யார் தலையில் விழும் என்பது குமாஸ்தாக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இந்தக் காகிதத்தைத்தான் கேட்கும்.

அடுத்தது மாட்டுவது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 முதல் 60 அங்குல உயரத்தில் வர வேண்டும். பார்க்கிறவரின் கண் மட்டம் அது. வெளிச்சத்துக்கும் அளவு உண்டு. காகிதத்தில் வரைந்ததற்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். எண்ணெய் வண்ணப் படம் என்றால் 200 லக்ஸ் வரை தாங்கும். வெளிச்சம் கூடினால் வண்ணம் வெளுத்துப் போகும். மும்பை மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈரமானியைப் பார்த்துத் தினமும் குறித்து வைக்க வேண்டும்.

இதற்கு மேல் அழைப்பிதழ் அனுப்புவது, பத்திரிகைக் குறிப்பு எழுதுவது, இரவல் வாங்கிய படங்களுக்கு ஒப்பந்தம் தயாரிப்பது, வந்து போனவர்களின் கணக்கு, பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கு விளக்கம். திறப்பு விழா அன்று இரவு பத்து மணிக்கு நாற்காலிகளை அடுக்குவதும் இதில் சேரும்.

அவள் எல்லாவற்றையும் கற்றாள். தகப்பனாரின் பில் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்தவள் ஆகையால் அவள் எழுதிய பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லை.

கண்ணீர் அஞ்சலி

இரண்டாவது மாதத்தில் ஒரு சம்பவம். தாராவிச் சந்துகளை எடுத்த புகைப்படக் கண்காட்சி அங்கே ஏற்பாடாகியிருந்தது. பெரிய படம் ஒன்றில் சுவர் நிறைய ஒரு போஸ்டர். மீசை வைத்த ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் ரோஜாப் பூக்கள், கீழே வரிசையாக ஆட்களின் முகங்கள், பெரிய தமிழ் எழுத்துக்கள். பக்கத்தில் ஒட்ட வேண்டிய குறிப்பட்டையில், உள்ளூர் அரசியல் பிரமுகர் ஒருவரின் பிறந்தநாள் சுவரொட்டி என்று அச்சடித்து வந்திருந்தது.

அவள் அதைப் படித்துவிட்டு, பொறுப்பாளர் அம்மாளிடம் போய், "மேடம், இது பிறந்தநாள் இல்லை. கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்கு. இவர் இறந்துட்டார். கீழே இருக்கிறவங்க அவர் வீட்டு ஆளுங்க" என்று சொன்னாள்.

எடுத்தவருக்குத் தெரியவில்லை. குறிப்பு எழுதியவருக்கும், சரிபார்த்த இருவருக்கும் தெரியவில்லை. சாவு வீட்டுப் போஸ்டரைப் பிறந்தநாள் போஸ்டர் என்று எழுதி நகரத்துக்கே காட்ட இருந்தார்கள். குறிப்பட்டை அன்றே மாற்றப்பட்டது. பொறுப்பாளர் அவளைத் தட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷி.

இந்தச் சம்பவம் சிறியதுதான். ஆனால் இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. தாராவியைப் படம் பிடிக்கிறார்கள், மாட்டுகிறார்கள், அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தச் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த ஒருத்தி உள்ளே இருந்தது தற்செயல். அவளை உள்ளே வைத்திருக்க அந்த இடம் காசு ஒன்றும் செலவழிக்கவில்லை. காசு செலவழித்தது இட்லி விற்கும் தாயார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

சம்பளம் இல்லை என்றால் பூஜ்யம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பூஜ்யத்தோடு நிற்காது, அதற்குக் கீழேயும் போகும்.

கல்லூரியில் படிக்கிறவரை மாணவருக்கான சலுகை சீசன் டிக்கெட் உண்டு. கல்லூரி முத்திரை குத்திய படிவம் கொண்டு போனால் கவுண்டரில் கொடுப்பார்கள். பட்டம் வாங்கியவுடன் அது நின்று போகிறது. பயிற்சியில் இருப்பவர் மாணவரா, உத்தியோகஸ்தரா? கவுண்டரில் கேட்டால் முழுக் கட்டணம் என்பதுதான் பதில். கூடத்தில் கேட்டால் நீங்கள் இன்னும் கற்றுக்கொள்கிறவர் என்பது பதில். சம்பளம் என்று வரும்போது மாணவி. டிக்கெட் என்று வரும்போது மாணவி அல்ல.

சாப்பாடு வீட்டிலிருந்து போய்விடும். ஆனால் திறப்பு விழாவுக்கு உடுத்திப் போக இரண்டு நல்ல உடுப்பு வேண்டும். இரவு நேரமானால் ஸ்டேஷனிலிருந்து வீடு வர ஆட்டோ வேண்டும். செல்போனுக்குப் பணம் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆறு மாதத்தில் வேறு எங்காவது சம்பாதித்திருக்கக் கூடியது வராமல் போகிறது. அதைத்தான் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

நான்காவது மாதம் தம்பிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் கட்ட வேண்டிய கெடு வந்தது. அந்தேரியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் விவரம் பதியும் வேலை, மாதம் 14,000. அவள் அங்கே போய்விட்டாள்.

அவளோடு சேர்ந்த இன்னொரு பெண் மலபார் ஹில்லில் இருந்து காரில் வருகிறவள். அவளும் நல்ல பெண்தான், கெட்டிக்காரிதான். அவள் ஆறு மாதமும் இருந்தாள். பிறகு இன்னொரு ஆறு மாதம் இருந்தாள். உதவியாளர் வேலை காலியானபோது அது அவளுக்குக் கிடைத்தது. அனுபவம் உள்ளவர் தேவை என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அனுபவம் அவளிடம் இருந்தது. இதில் யாரையும் குற்றவாளியாக நிறுத்த முடியாது. ஆனால் நியாயம் நடந்தது என்றும் சொல்ல முடியாது.

பட்டறையில் ஒரு சட்டம், கூடத்தில் ஒரு வழக்கம்

தாராவிக்குப் பக்கத்திலேயே மாட்டுங்காவில் ரயில்வே பட்டறை இருக்கிறது. லோயர் பரேலில் இருக்கிறது. அங்கே ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் 'ஆக்ட் அப்ரண்டிஸ்' என்று சேருகிறார்கள். அவர்களும் கற்றுக்கொள்ள வந்தவர்கள்தான். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டமே அவர்களைத் தொழிலாளி என்று சொல்லவில்லை, பயிற்சி பெறுபவர் என்றுதான் சொல்கிறது. ஆனால் அதே சட்டம், பயிற்சிக் காலம் முழுவதும் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. 2019-ல் திருத்திய விதிகளில் குறைந்தபட்சத் தொகை படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று நிர்ணயித்தார்கள். பட்டதாரிக்கு 9,000.

ஆக, கற்றுக்கொள்கிறவனுக்கும் வயிறு உண்டு என்பதை இந்த நாட்டின் சட்டம் அறுபது வருடத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. போகி சக்கரம் கழற்றப் பழகும் பையனுக்கு உதவித்தொகை உண்டு. லட்ச லட்சமாய் மதிப்புள்ள படத்தைக் கையாளப் பழகும் பெண்ணுக்கு ஏன் இல்லை?

காரணம் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். ஓவியக் கூடங்களில் பெரும்பாலும் அத்தனை பேர் இருப்பதில்லை. தவிர, 'இன்டர்ன்' என்ற சொல் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. 2024-ல் மத்திய அரசு பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் கொண்டு வந்தது. 21 முதல் 24 வயது உள்ளவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அப்போது அறிவித்தார்கள். ஆனால் அது முன்னணிக் கம்பெனிகள் 500-ஐக் குறிவைத்து வந்த திட்டம். சிறிய அறக்கட்டளைகள் அந்தப் பட்டியலில் வருபவை அல்ல. ஆக, சட்டத்தின் கையும் எட்டவில்லை, திட்டத்தின் கையும் எட்டவில்லை. மீதி இருப்பது வழக்கம் மட்டும்தான். அந்த வழக்கம் சம்பளமில்லாப் பயிற்சி.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டா?

கூடம் நடத்துகிறவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். படம் விற்றுக் காசு பார்க்கும் கடை அல்ல எங்களுடையது என்கிறார்கள். நன்கொடையை நம்பி நடத்துகிறோம். கண்காட்சிக்கு என்று வரும் பணத்தைக் கண்காட்சிக்குத்தான் செலவழிக்க முடியும். எங்கள் ஊழியர்களுக்கே சம்பளம் குறைவு. யாரையும் கட்டாயப்படுத்தி அழைக்கவில்லை. மூன்று மாதம் சொல்லிக் கொடுத்து ஆள் தேறும்போது போய்விடுகிறார்கள். நஷ்டம் எங்களுக்குத்தான்.

இதில் பொய் இல்லை. இலாபம் கருதாமல் இன்றைய ஓவியனுக்கு ஒரு சுவர் கொடுப்பது சிறிய காரியமும் அல்ல. விற்காத படத்தை மாட்ட வியாபாரக் கூடங்கள் யோசிக்கும். இப்படிப்பட்ட இடங்கள் இல்லாவிட்டால் புதியவர்கள் பலர் வெளியே தெரியாமலே போவார்கள்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இலாப நோக்கமற்றது என்றால், வருகிற மிச்சத்தை நடத்துகிறவர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்றுதான் பொருள். அறக்கட்டளையானாலும் சங்கமானாலும், 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவில் பதிவான கம்பெனியானாலும் அதுதான் விதி. சம்பளம் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. படத்துக்குச் சட்டம் போடுகிறவர் பில் அனுப்புகிறார். லாரிக்காரர் வாடகை வாங்குகிறார். மின்சாரக் கம்பெனி தள்ளுபடி தருவதில்லை. சுவரில் ஆணி அடிக்கும் தச்சருக்குக் கூலி உண்டு. ஆணி எங்கே அடிப்பது என்று அளந்து சொல்லும் பெண்ணுக்கு மட்டும் இல்லை. பணம் இல்லை என்பது எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் ஒத்துக்கொள்ளலாம். கேட்க மாட்டாள் என்று தெரிந்த இடத்தில் மட்டும் பணம் இல்லாமல் போவது எப்படி?

கட்டாயப்படுத்தவில்லை என்பதும் முழுப் பதில் ஆகாது. சம்பளமில்லாமல் ஒரு வருடம் இருந்தால்தான் அடுத்த வேலைக்குத் தகுதி வரும் என்று ஏற்பட்டுவிட்ட பிறகு, அது வாசலில் வைத்த வசூல். வசதி உள்ளவர் கட்டிவிட்டு உள்ளே போகிறார். மற்றவர் வெளியே நிற்கிறார்.

நிதிக்கு வழியே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி இலாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று அதே 2013 சட்டம் சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட இனங்களில் கலையும் பண்பாடும் உண்டு. ஒரு பட்டதாரிக்கு 9,000 வீதம் ஆறு மாதத்துக்கு 54,000 ரூபாய். திறப்பு விழாச் செலவில் ஒரு பகுதி. விண்ணப்பத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதிக் கேட்டால் எந்தக் கம்பெனியும் இதற்காக முகம் சுளிக்காது.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தப் பிரச்சினை வந்தது. அங்கேயும் சட்டம், தொண்டு நிறுவனங்களில் மனமுவந்து உழைப்பவர்களுக்கு ஊதிய விதியிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே சட்டத்தால் மட்டும் அங்கே மாற்றம் வரவில்லை. 2019 ஜூன் மாதத்தில் அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்களின் சங்கம், பயிற்சிக்கு வருபவர்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வசதி உள்ளவர்கள் மட்டுமே நுழையும் தொழிலாக இது ஆகிவிடுகிறது என்பதே அவர்கள் கவலை. 2020-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு ஒரு புரவலர் 50 லட்சம் டாலர் கொடுத்தார். பயிற்சியாளர் அனைவருக்கும் ஊதியம் கொடுப்பதற்காகவே அந்தப் பணம்.

அவர்களிடம் டாலர் இருக்கிறது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் தீர்மானம் போட டாலர் தேவையில்லை.

ஆராவும் ஹுசைனும் எங்கிருந்து வந்தார்கள்?

இந்த நகரத்தின் ஓவிய வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1947-ல் இங்கே தோன்றிய முற்போக்கு ஓவியர் குழுவில் ஆறு பேர். அதில் ஒருவர் கே.எச். ஆரா. செகந்திராபாத் பக்கம் பொல்லாரத்தில் பிறந்து, சிறு வயதில் இங்கே ஓடி வந்து, வீட்டு வேலை செய்தும் கார் கழுவியும் பிழைத்தவர். இன்னொருவர் எம்.எஃப். ஹுசைன். சினிமா பேனர் வரைந்து வயிறு வளர்த்தவர். இன்று இவர்கள் படங்கள் கோடிக் கணக்கில் ஏலம் போகின்றன.

அவர்கள் ஏழைகளாக இருந்து வரவில்லையா, இவர்கள் மட்டும் ஏன் உதவித்தொகை கேட்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். வரலாற்றைச் சரியாகப் படித்தால் பதில் வேறு விதமாக இருக்கும். லாங்ஹாமர், வான் லேடன், ஷ்லெசிங்கர் என்று ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே தங்கிய சிலர் அந்த இளைஞர்களுக்கு வழி காட்டினார்கள், பத்திரிகையில் எழுதினார்கள், காசு கொடுத்துப் படம் வாங்கினார்கள். திறமைக்கு யாரோ சோறு போட்டிருக்கிறார்கள். சோறு இல்லாமல் மடிந்த திறமைகளின் பெயரை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

நம் பக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் ஓவியர்கள் ஒரு கிராமம் அமைத்தார்கள். படம் விற்று வாழ முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்தக் காசில் அடுப்பு எரிந்தது, நிலமும் வந்தது. முதலில் சோறு, பிறகு கலை என்ற ஒழுங்கை அந்த ஓவியர்கள் வெட்கமில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். ஐம்பது வருடம் தாண்டியும் அந்தக் கிராமம் நிற்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

குற்றம் முழுவதும் எதிர்ப்பக்கம் என்று சொல்லிவிட்டு நம்மவர்கள் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. "படம் பார்த்து என்ன ஆகப் போகுது, பேங்க் பரீட்சை எழுது" என்பது நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. பயம்தான் காரணம், அதில் தவறில்லை. ஊரை விட்டு வந்தவனுக்கு மாதச் சம்பளம்தான் நிலம்.

ஆனால் ஓவியக் கூடத்திலும் குமாஸ்தா உண்டு. பதிவேடு வைப்பவர், பொருட்களைப் பொறுப்பேற்பவர், பாதுகாப்பு நிபுணர், கண்காட்சி அமைப்பாளர் என்று உத்தியோகங்கள் உண்டு. மத்திய அரசின் அருங்காட்சியகங்களிலும் இந்த வேலைகள் இருக்கின்றன. கணக்கிலும் பதிவிலும் கை தேர்ந்த நம் பிள்ளைகளுக்கு இவை அந்நியமான வேலைகள் அல்ல.

கலை நம் தெருவுக்கு அந்நியமும் அல்ல. 2015-ல் ஸ்னேஹா என்ற தொண்டு நிறுவனம் தாராவியிலேயே ஒரு கலைக் கண்காட்சி நடத்தியது. அங்கே குடியிருப்பவர்களே கலைஞர்களோடு சேர்ந்து, கழிவுப் பொருட்களையும் பயன்படுத்தி, உடல்நலத்தைப் பற்றிப் படைப்புகள் செய்தார்கள். தாராவி படத்தில் வரும் இடம் மட்டும் அல்ல, படம் செய்யும் இடமும்தான்.

செய்யக் கூடியவை

கூடம் நடத்துகிறவர்கள் நாளையே செய்யக் கூடியவை சில உண்டு. பட்டறைப் பழகுநருக்குச் சட்டம் சொல்லும் தொகையையாவது கொடுக்கலாம். அது முடியாத சிறிய இடம் என்றால், சீசன் டிக்கெட்டும் மதியச் சாப்பாடும் தருவது குறைந்தபட்ச மரியாதை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் வரச் சொன்னால் மற்ற நாட்களில் வேறு எங்காவது சம்பாதிப்பார்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு காலம் என்பதைக் கடிதத்தில் எழுதித் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் சம்பளமின்றி யாரையும் வைத்துக்கொள்ளக் கூடாது. விளம்பரத்தைத் தெரிந்தவர்கள் வட்டத்தில் மட்டும் சுற்ற விடாமல் மராத்தி, இந்தி, தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் அனுப்ப வேண்டும்.

தமிழ்ச் சங்கங்களும் ஊர் சங்கங்களும் இதில் கை கொடுக்கலாம். பொங்கல் விழா மேடையில் வரிசையாகப் பொன்னாடை போர்த்துகிறோம். அதில் பாதியைக் குறைத்தால் ஒரு பிள்ளையின் ஆறு மாத சீசன் டிக்கெட்டுக்குக் காணும். பொன்னாடை பீரோவுக்குப் போகும். டிக்கெட் வேலைக்குப் போகும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நேர்முகத்தில் உதவித்தொகை பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்கலாம். இல்லை என்றால், "பயணச் செலவாவது உண்டா?" என்று கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது கிடைக்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் பாட்டிமார் சொன்னது.

அந்தேரிக்குப் போன பெண் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். தம்பி கல்லூரிக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் தாயாரைக் கூட்டிக்கொண்டு காலா கோடா பக்கம் போகிறாள். படங்களைக் காட்டி, இது எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது, விளக்கு ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது என்று விளக்குகிறாள். போன மாதம் தாயார் கேட்டாராம்: "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கே, உன்னை ஏன் திரும்பக் கூப்பிடல?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அந்தப் பெண் அல்ல.